முதல் பழைய வாஷர்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?

அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களை ஒழித்து விற்கும் இடங்களில் 1950கள், 60களின் வாஷர்கள் (துணி துவைக்கும் மெஷின்கள்) இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. விலை அதிகமிருக்காது. "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று சும்மாவே கொடுப்பவர்களும் உண்டு. சேகரிப்பில் இறங்க நினைப்பவர்கள் தடுமாறுவது எதை முதலில் எடுப்பது என்பதில்தான். கைவசம் இடம் ஒன்றுக்குத்தான் இருக்கும், கண்ணில் படுவதோ நான்கு இருக்கும்.

அடிக்கடி கிடைப்பதும், அடிக்கடி கேட்கப்படுவதுமான நான்கை இங்கே எடுத்துக்கொள்வோம்: மேடாக் ரிங்கர் வாஷர்; 1956இல் வந்த மேடாக் ஹெலிக்கல் டிரைவ் ஆட்டோமேட்டிக்; வேர்ல்பூல் தயாரித்து சியர்ஸ் கடைகளில் கென்மோர் என்ற பெயரில் விற்ற பெல்ட் டிரைவ்; 1947இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவு கொண்டுவந்த யூனிமேட்டிக். 1937இன் பெண்டிக்ஸ் முன்கதவு வாஷரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். அதில் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் ஏற்பாடே கிடையாது, கான்கிரீட் தரையில் போல்ட் அடித்து இறுக்க வேண்டும். முதல் மெஷினுக்கு அது வேண்டாத வேலை.

## எதை வைத்து எடை போடுவது

பலரும் கிரோம் பளபளப்பையும் நிறத்தையும் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். கீறிய பெயின்ட்டை ஒரு வார இறுதியில் சரிசெய்துவிடலாம். தொட்டியின் நடுவே அஜிடேட்டர் (துணியை அசைத்துத் துவைக்கும் இறகுள்ள பாகம்) பொருந்தும் தண்டு மேலே வரும் இடத்தில் உள்ள சீல் போயிருந்தால் கதையே வேறு. தண்ணீர் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் இறங்கும், பிறகு கியர்கேஸ் (பற்சக்கரப் பெட்டி) எண்ணெயில் கலக்கும். அந்த நிலையில் மெஷினை முழுக்கப் பிரிக்காமல் வேலை ஆகாது. ஆகவே முதல் அளவுகோல் இதுதான்: நடுச் சீல் எவ்வளவு எளிதில் கைக்கு வரும், மாற்று சீல் இன்று கிடைக்குமா?

இரண்டாவது, ரப்பர். இரும்பு அறுபது வருடம் தாங்கும், ரப்பர் தாங்காது. பெல்ட்டும் ஹோஸும் எப்படியாவது கிடைத்துவிடும். அந்தந்த மாடலுக்கென்றே வார்த்த ரப்பர் பூட் (மடிப்புறை), கேஸ்கட் போன்றவைதான் தலைவலி.

மூன்றாவது, தனிக் கருவி. சாதாரண ஸ்பேனர் செட்டோடு முடியுமா, அந்த மெஷினுக்கென்றே செய்த புல்லர் (இறுகிய பாகத்தை இழுத்தெடுக்கும் கருவி) வேண்டுமா?

நான்காவது, நோக்கம். வாரம் இரண்டு முறை துவைக்கவா, வைத்து அழகு பார்க்கவா? பழைய ஆட்டோமேட்டிக் டாப் லோடர் (மேலே திறந்து துணி போடுவது) முழு ஈடுக்குச் சுமார் 40 கேலன், அதாவது 150 லிட்டர் தண்ணீர் குடிக்கும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் தினசரி ஓட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

## மேடாக் ரிங்கர்

துவைப்பது அஜிடேட்டர், பிழிவது மேலே உள்ள இரண்டு ரப்பர் உருளைகள். டைமர் இல்லை, வால்வு இல்லை, தொட்டிக்குள் சுழலும் கூடை இல்லை. மோட்டார், பெல்ட், கியர்கேஸ், ரிங்கர் தலை, அவ்வளவுதான். ஐயோவா மாநிலத்தின் நியூட்டனில் 1983 வரை இதைத் தயாரித்தார்கள் என்பதால் உதிரி பாகத்துக்கு இன்னும் பஞ்சமில்லை. 'இ' வரிசையில் சதுர அலுமினியத் தொட்டி. 'என்' வரிசையில் எனாமல் பூசிய வட்டத் தொட்டி. மாடல் பெயரின் கடைசியில் 'பி' இருந்தால் (இ2எல்பி என்பதுபோல) வடிகால் பம்ப் உண்டு. இல்லாவிட்டால் தண்ணீரை ஹோஸ் வழியே தரைச் சாக்கடைக்குத்தான் விட வேண்டும், பாத்ரூம் சிங்க் வரை ஏறாது.

புதிதாக வாங்கியவர் முதலில் மல்லுக்கட்டுவது அஜிடேட்டரோடுதான். வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டிருந்தால் தண்டோடு அரித்து ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலால் தட்டக் கூடாது; பேக்லைட் என்றால் உடையும், அலுமினியம் என்றால் விளிம்பு கிழியும். தொட்டியில் நல்ல சுடுதண்ணீரை அஜிடேட்டர் மூழ்க நிரப்பி அரைமணி நேரம் விடுங்கள். இறகுகளின் அடியில் பருத்திக் கயிற்றை இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றி, நேர் மேலே இழுங்கள். வரவில்லையென்றால் தண்ணீரை வடித்து, மறுபடி சுடுதண்ணீர். இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் வந்துவிடும். வந்தபின் தண்டின் பற்களைப் பித்தளைப் பிரஷால் சுத்தம் செய்து, தண்ணீர் புகாத கிரீஸ் மெல்லியதாகப் பூசி, இனி ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் கழற்றி வையுங்கள்.

அடுத்து எண்ணெய். கியர்கேஸ் எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் நடுச் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெறும் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண் வேலை. சீலும் கேஸ்கட்டும் சேர்ந்து மாறவேண்டும்.

உருளைகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மீண்டால் உயிர் இருக்கிறது. கல்லாக இருந்தாலோ, ஒரு பக்கம் தட்டையாகி இருந்தாலோ, யாரோ அழுத்தத்தைத் தளர்த்தாமல் பல வருடம் விட்டிருக்கிறார்கள். உருளைகள் புதிதாகவும் கிடைக்கின்றன, ஆனால் மெஷினைச் சும்மா வாங்கியவர்களுக்கு அந்த விலை உறுத்தும். மறைமுகச் செலவில் முதலிடம் இதற்குத்தான்.

பாதுகாப்பை மேம்போக்காக விடக் கூடாது. ரிங்கர் கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரம். மடித்த துண்டு ஒன்றை உள்ளே விட்டு, அவசரத் தட்டியை அடித்துப் பாருங்கள். உருளைகள் அந்தக் கணமே படாரென்று விலக வேண்டும். தயங்கினால் அதைச் சரிசெய்யும் வரை ரிங்கரை இயக்க வேண்டாம். முந்தானை, துப்பட்டா, வளையல், விரித்த தலைமுடி எதுவும் கிட்டே வரக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய இரண்டு பின் வயரை எர்த் உள்ள மூன்று வயர் கேபிளாக மாற்றி, ஜிஎஃப்சிஐ (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும்) அவுட்லெட்டில் மட்டும் செருகுங்கள். ஈரத் தரை, உலோக உடம்பு, எர்த் இல்லாத மோட்டார் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

தண்ணீர்க் கணக்கில் இது மற்ற மூன்றையும் அடித்துவிடும். ஒரே சோப்புத் தண்ணீரில் வெள்ளை, வெளிர், அடர்நிறம், கடைசியில் மிதியடி என்று வரிசையாகப் போடலாம். ஆனால் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பட்டன்களை உள்பக்கமாக மடித்து விடாவிட்டால் பாதி உடையும்.

## மேடாக் ஹெலிக்கல் டிரைவ்

தினமும் துவைக்க ஒரு பழைய மெஷின் வேண்டும் என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். காரணம் அதன் வடிவமைப்பு. மோட்டார் ஒரு திசையில் ஓடினால் அஜிடேட்டர் அசையும், எதிர்த்திசையில் ஓடினால் கூடை சுழலும். கிளட்ச் கிடையாது, சோலனாய்டு (மின்காந்த இழுப்பான்) வைத்துக் கியர் மாற்றும் வேலையும் கிடையாது. கூடை வேகம் எடுக்கும்வரை பெல்ட் வழுக்கி வழுக்கிப் போவதுதான் இதன் கிளட்ச்.

இது தெரியாமல் பலர் மோட்டாரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதே என்று இறுக்குவார்கள். அல்லது ஆட்டோ கடையில் கிடைக்கும் சாதாரண வி-பெல்ட்டைப் போடுவார்கள். அது கவ்விப் பிடிக்கும், வழுக்காது. மோட்டார் முழுப் பாரத்தோடு கிளம்ப முடியாமல் முனகி, ஓவர்லோடில் நின்றுவிடும். இதற்கென்றே உள்ள இரட்டை பெல்ட் செட்டை (எண் 12112425) வாங்குங்கள், ஒன்று டிரான்ஸ்மிஷனுக்கு, மற்றது பம்புக்கு. மோட்டார் ஒரு சறுக்குத் தட்டில் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். அந்தத் தட்டின் பிளாஸ்டிக் சறுக்கிகள் காய்ந்துபோனால் மோட்டார் நகராது. பெல்ட் கருகும் வாசனை வரும். சுத்தம் செய்து உரிய கிரீஸ் தடவினால் பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

சுழலும்போது "கொர்ர்" என்று அடியிலிருந்து முனகல் வந்தால் உடனே டிரான்ஸ்மிஷனைச் சந்தேகிக்க வேண்டாம். தொட்டி அசைந்து அமரும் டேம்பர் பட்டைகள் காய்ந்திருக்கும். சுழற்சி நிற்கும்போது அலறினால் பிரேக். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரெஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பலவீனம் என்று பார்த்தால் நடுத் தண்டின் ஸ்டெம் சீல். அது ஒழுகினால் கூடை, தொட்டி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இறுகிப்போன நட்டுக்கு மேடாக் ஸ்பேனர் தேவை. சீல் செட் கிடைக்கிறது, கருவியும் வாங்கலாம். ஆனால் ஒரு நாள் முழுக்கப் போகும். வாங்கும் முன்பே முன்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தொட்டியின் அடி நடுவிலிருந்து துருக்கோடு இறங்கியிருந்தாலோ, கேபினட் உட்சுவரில் எண்ணெய்ப் பொட்டுகள் வட்டமாகத் தெறித்திருந்தாலோ விட்டுவிட்டு வாருங்கள். இதே குடும்ப மெஷின் இன்னொன்று கிடைக்கும். ஊரில் ஏராளமாக ஓடிய மாடலை எடுப்பதன் லாபமே அதுதான்.

## கென்மோர், வேர்ல்பூல் பெல்ட் டிரைவ்

1947இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை அடிப்படை மாறாமல் வந்த வடிவம். கென்மோர் மாடல் எண் 110 என்று ஆரம்பித்தால் அது வேர்ல்பூலின் தயாரிப்பு. இத்தனை வருடம் ஓடியதால் உதிரிகள் குவிந்து கிடக்கின்றன: பெல்ட் 95405, இரண்டு வாய் பம்ப் 350365 என்று எண்ணைச் சொன்னாலே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனாலும் உங்கள் மாடலின் பாகப் படத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பம்பில் வாய்களின் எண்ணிக்கை மாறும்.

இதன் இதயம் கியர்கேஸ் மேல் இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும் விக்வேக். அதில் இரண்டு சோலனாய்டு. ஒன்று துவைக்க, ஒன்று சுழற்ற. நாள் முழுக்க ஆடுவதால் அதற்குப் போகும் வயர்கள் உள்ளுக்குள் முறியும். மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மோட்டார் ஓடுகிறது, துவைக்கவும் இல்லை சுழலவும் இல்லை என்றால் முதலில் மல்டிமீட்டரை வைத்து, வயரை வளைத்தபடியே மின்தொடர்ச்சி பாருங்கள். மாற்றும்போது நெகிழ்வான பல்லிழை வயரையே போடுங்கள்.

பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பம்ப் இறுகினால் பெல்ட் உரசிப் புகையும். சரி, பெல்ட் தானே என்று நினைத்துவிட வேண்டாம். வாஷர்களில் மிகத் தொந்தரவான பெல்ட் மாற்றம் இதில்தான். மெஷினைப் படுக்கவைத்து, கியர்கேஸ் அடித் தாங்கிகளைத் தளர்த்தி, பம்ப்பை இறக்கினால்தான் பெல்ட் உள்ளே நுழையும். ஆகவே பெல்ட்டுக்காகத் திறக்கும்போதே பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கூடையை எடுக்க நடு நட்டுக்கான வேர்ல்பூல் ஸ்பேனர் வேண்டும். இதே ஸ்பேனர் பிற்கால டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாத) மெஷின்களுக்கும் பொருந்துவதால் வீண்செலவில்லை.

சேகரிப்பவர்களுக்கு இதன் கவர்ச்சி வேறிடத்தில்: 1950களின் உயர்ரக லேடி கென்மோரின் விளக்கெரியும் கன்ட்ரோல் பேனல். அந்தப் பேனல் கண்ணாடியும் டைமர் குமிழும் உடைந்திருந்தால் புதிதாகக் கிடைக்காது. பெல்ட்டுக்கு இருக்கும் வசதி அலங்காரத்துக்கு இல்லை.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஃபில்டர்-ஃப்ளோவைப் பற்றியும் கேட்பார்கள். உழைக்கும் மெஷின்தான். ஆனால் தொட்டி அடியில் உள்ள பெரிய ரப்பர் பூட் கிழிந்திருந்தால் வாங்க வேண்டாம், அவ்வளவுதான் அதற்குச் சொல்ல இருப்பது.

## ஃப்ரிஜிடேர் யூனிமேட்டிக்

நால்வரில் அழகி இவள்தான். அஜிடேட்டர் இடவலமாகத் திரும்பாமல் மேலும் கீழுமாகக் குதிக்கும். சுழற்சி நிமிடத்துக்கு 1140 சுற்று. மேடாக் 600ஐ ஒட்டியும், கென்மோர் 500ஐ ஒட்டியும் சுற்றும்போது இது அவற்றின் இரு மடங்கு. துணி பாதி காய்ந்தே வெளியே வரும். அந்த வேகத்துக்காகவே இதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

விலையும் அங்கேயே இருக்கிறது. மொத்த இயக்கமும் எண்ணெயில் மூழ்கிய ஒரே மூடிய தொகுதி. சீல் தளர்ந்து தண்ணீர் இறங்கினால் முழுத் தொகுதியும் வெளியே வர வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1979இல் ஃப்ரிஜிடேரை விற்றுவிட்டது. இந்த வடிவம் அதற்கு வெகு முன்பே கைவிடப்பட்டது. எனவே உதிரிக்கு ஒரே வழி இன்னொரு யூனிமேட்டிக். ஒன்றை ஓடவைக்க இரண்டு வாங்க வேண்டும், இரண்டையும் வைக்க இடம் வேண்டும். 1140 சுற்றில் தேய்ந்த பேரிங் சத்தத்தோடு நிற்காது, கூடையைத் தொட்டியில் மோதவைக்கும். இரண்டாவது, மூன்றாவது மெஷினாக வரட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மேடாக் ரிங்கர் | மேடாக் ஹெலிக்கல் | கென்மோர் பெல்ட் டிரைவ் | யூனிமேட்டிக் |
|---|---|---|---|---|
| நடுச் சீல் மாற்றுவது | நடுத்தரம் | ஒரு நாள் வேலை | ஒரு நாள் வேலை | மிகக் கடினம் |
| உதிரி | கிடைக்கும். உருளை விலை அதிகம் | கிடைக்கும் | தாராளம். பேனல் மட்டும் அரிது | இன்னொரு மெஷின்தான் |
| தனிக் கருவி | ஏறக்குறைய வேண்டாம் | தேவை, வாங்கலாம் | தேவை, வாங்கலாம் | தேவை, தேட வேண்டும் |
| தினசரிப் பயன் | ஆள் நிற்க வேண்டும் | மிக நன்று | நன்று | சந்தேகம் |
| தண்ணீர் | குறைவு | அதிகம் | அதிகம் | அதிகம் |
| பெரிய ஆபத்து | கை சிக்குவது | தவறான பெல்ட் | விக்வேக் வயர், இறுகிய பம்ப் | சீல், பேரிங் |

## டிரையரும் ஜோடியாக வேண்டுமா?

வாஷரைவிட டிரையர் பழுது எளிது, தீ ஆபத்து அதிகம். கேபினட்டைத் திறந்து உள்ளே படிந்த பஞ்சை வேக்குவமால் எடுக்காமல் ஒரு பழைய டிரையரையும் சூடேற்றாதீர்கள். வெளியேற்றும் குழாய் 4 அங்குல உலோகக் குழாயாக இருக்கட்டும். பிளாஸ்டிக் சுருள் குழாயைப் பார்த்தால் குப்பையில் போடுங்கள்.

மின்சார டிரையருக்கு 240 வோல்ட், 30 ஆம்ப் லைன் வேண்டும். பழையவற்றில் மூன்று பின் வயர். 1996க்குப் பின் கட்டிய வீடுகளில் நான்கு ஓட்டை அவுட்லெட். நான்கு பின் வயருக்கு மாற்றும்போது நியூட்ரலையும் உடம்பையும் இணைக்கும் பட்டையைக் கழற்றியே ஆக வேண்டும். இதை மறந்தால் டிரையர் ஓடும், ஆனால் நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வயரில் போகும். அந்த லைன் ஏற்கெனவே இல்லையென்றால் எலெக்ட்ரீஷியன் கூலி மெஷின் விலையை விழுங்கிவிடும்.

கேஸ் டிரையர்களில் பழைய பற்றவைப்பு முறைக்கான குளோ காயில் (சிவந்து பற்றவைக்கும் கம்பிச்சுருள்) கிடைப்பது கஷ்டம். அது எரிகிறதா என்று கண்ணால் பார்க்காமல் வாங்க வேண்டாம். கேஸ் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் மின்சார டிரையரோடு நிற்பது நல்லது.

ஜோடிப் பொருத்தம் முக்கியமில்லையென்றால் 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த 29 அங்குல வேர்ல்பூல், கென்மோர் டிரையரை எடுங்கள். அதன் பெல்ட் (341241), ரோலர், ஐட்லர் (பெல்ட்டை இறுக்கும் உருளை) எல்லாம் இன்றைக்கும் சல்லிசாகக் கிடைக்கும். மேடாக்கின் 'ஹேலோ ஆஃப் ஹீட்' டிரையரில் ஹீட்டர் டிரம்மைச் சுற்றி வளையமாக ஓடும், துணி இதமாகக் காயும். ஆனால் அந்த வளையம் அறுந்தால் மாற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

## வாங்கும் இடத்தில்

"கடைசியாகப் போட்டபோது ஓடியது" என்பதை நம்பி அங்கேயே பிளக்கைச் செருகாதீர்கள். முதலில் பெல்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கூடையின் மேல் விளிம்பைப் பிடித்து அசையுங்கள். தொட்டியோடு சேர்ந்து ஆடினால் சரி, தொட்டி நிற்கக் கூடை மட்டும் லொடலொடத்தால் பேரிங் போய்விட்டது. துருவை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள், உள்ளே போனால் அது துரு இல்லை, ஓட்டை.

வீட்டுக்கு வந்தபின் மோட்டார் சுருளுக்கும் உடம்புக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். ஈரத்தில் கிடந்த மோட்டார் காட்டாவிட்டால், உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து மறுபடி பாருங்கள். பிறகு தொட்டியை நிரப்பி, எதையும் ஓடவிடாமல் அரைமணி நேரம் விட்டு, அடியில் காகிதம் விரித்து ஒழுகலைத் தேடுங்கள். நிற்கும்போது ஒழுகினால் ஹோஸ், பூட். ஓடும்போது மட்டும் ஒழுகினால் பம்ப் அல்லது நடுச் சீல்.

எனாமல் பெயர்ந்த இடத்துக்கு இரண்டு பாக எபாக்ஸி போதும். மறுபடி எனாமல் சுட்டுத்தரும் பட்டறைகள் சொற்பம், கூலியும் கடுமை.

## யாருக்கு எது

அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள், தண்ணீர் இணைப்பு இல்லை, முதல்முறை ஸ்பேனர் பிடிக்கிறீர்கள் என்றால் ரிங்கர். பேஸ்மென்ட்டும் வடிகாலும் உண்டு, உபயோகிக்கத்தான் வாங்குகிறேன் என்றால் ஹெலிக்கல் டிரைவ். மின்வேலை பழகியவர், பழுது பார்ப்பதில்தான் சுகம் என்றால் கென்மோர். பட்டறையும் பொறுமையும் இரண்டாவது யூனிமேட்டிக்கும் இருந்தால் மட்டுமே யூனிமேட்டிக்.

ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. இவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 1725 சுற்று மோட்டார் 1440ஐ ஒட்டி ஓடும், இரும்புக் கோர் காந்தப்புலத்தால் நிறைந்து சூடேறும். வோல்ட்டையும் அதே விகிதத்தில் 100க்கு இறக்கினால் சூடு அடங்கும், ஆனால் மோட்டாரின் திறன் குறையும். 10 நிமிடத் துவைப்பை டைமர் 12 நிமிடம் ஓட்டும். ரிங்கர் என்றால் அந்த மோட்டாரையே கழற்றிவிட்டு, உள்ளூரில் கிடைக்கும் 230 வோல்ட், 1440 சுற்று, மூன்றில் ஒரு குதிரைத் திறன் மோட்டாரைப் போட்டு, அதன் புல்லியை 6:5 என்ற விகிதத்தில் பெரிதாக்கினால் பழைய வேகம் வந்துவிடும். திசை மாறி ஓடும் ஹெலிக்கல் டிரைவிலும், சோலனாய்டும் டைமரும் 120 வோல்ட் கேட்கும் கென்மோரிலும் இந்த வித்தை செல்லாது.